யாருக்கு இந்த நெடும்பந்தயம்?

சாயர்புரத்தில் நின்றுகொண்டு மலைச் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒரு பக்கம் கடலும் உப்பளமும், இன்னொரு பக்கம் தாமிரபரணிப் பாசனமும் வாழைத்தோட்டமும். குன்று என்று காட்ட ஒன்றும் கிடையாது. ஆனால் நம் வட்டாரத்தில் தேரி இருக்கிறது. செந்நிற மணல்மேடுகள். இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை சொய்னரும் ஆல்ச்சினும் ஆராய்ந்து 1956இல் எழுதிய கட்டுரையில் சாயர்புரத்தின் பெயரும் உண்டு. மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக நடந்த மணல் இது. மலைச் சைக்கிள் என்று பெயர் இருந்தாலும் அந்த விளையாட்டில் பாதி மணலும் சரளையும் சேறும்தான். தார்ச்சாலையை விட்டு இறங்கிய இடத்தில் அது தொடங்கிவிடுகிறது.

கைப்பேசியில் அந்தப் பந்தயக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் யாரு போறாங்க? நாம போகலாமா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தப் பத்தியில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்.

இவ்வகைப் பந்தயங்களில் உலக அளவில் பேர்பெற்றது தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக். 2004இல் தொடங்கியது. மேற்கு கேப் மாகாணத்தின் மலைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் எட்டு நாள் நடக்கும். தடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தூரம் 600 முதல் 700 கிலோமீட்டர் வரை இருக்கும். ஏறிய ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 15,000 மீட்டரை ஒட்டி வரும். எவரெஸ்டின் உயரமே 8,849 மீட்டர்தான். பகலெல்லாம் பெடல் மிதித்து, இரவு கூடாரத்தில் படுத்து, மறுநாள் விடிந்ததும் மறுபடி அதே வேலை. குறித்த நேரத்துக்குள் அன்றைய கோட்டைத் தொடாவிட்டால் போட்டியிலிருந்து வெளியே.

இதில் ஒரு விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. யாரும் தனியாக ஓட்ட முடியாது. இருவர் ஓர் அணி. வழியில் ஒருவரைவிட்டு மற்றவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகிவிடக் கூடாது, விலகினால் தண்டனை. பலசாலி முன்னால் பறந்துபோய் பதக்கம் வாங்கிவிட முடியாது. கூட்டாளிக்குக் கால் பிடித்துக்கொண்டால் இவரும் நிற்க வேண்டும், பஞ்சர் ஆனால் இவரும் குனிந்து டியூப் மாற்ற வேண்டும்.

இந்தியாவில் சிம்லாவிலிருந்து புறப்படும் எம்டிபி ஹிமாலயா 2005 முதல் நடக்கிறது. அதுவும் பல நாள் பந்தயம். நமக்கு இன்னும் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் புறம் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டியே நடந்தது. இங்கிருந்து ஒரு பகல் பயணம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது நடந்தது தெரியும்?

தாங்குதிறன் என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கு. பேருந்து இல்லை, ரயில் இல்லை. காயம்பட்ட தந்தையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, டெல்லியை அடுத்த குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா மாவட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாள் ஜோதி குமாரி. வயது 15. தலித் குடும்பம். கையிலிருந்த பணத்தில் வாங்கிய பழைய சைக்கிள். கேப் எபிக்கின் தூரத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு. உணவு நிலையமும் மருத்துவ வண்டியும் கூடாரமும் அவளுக்கு யாரும் போட்டு வைக்கவில்லை.

செய்தி வந்ததும் இந்திய சைக்கிள் கூட்டமைப்பு அவளைத் தேர்வுக்கு அழைத்தது. அன்றைய அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்ப், அழகான தாங்குதிறன் என்று பாராட்டி எழுதினார். பலர் கோபப்பட்டார்கள். நமக்கும் கோபம்தான். ரயிலை நிறுத்தியதால் ஒரு சிறுமி செத்துச் செத்து ஓட்டியதை விளையாட்டுச் சாதனை என்று கைதட்டுவது வசதியானவர்களின் பழக்கம். முதலில் படிப்பை முடிக்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள். 2021இல் குழந்தைகளுக்கான பிரதமரின் தேசிய விருது அவளுக்குக் கிடைத்தது.

நம் மேடைகளிலும் இதே பேச்சைக் கேட்கிறோம். "எங்க பிள்ளைக ரத்தத்திலேயே உழைப்பு இருக்கு, மலையென்ன, எதையும் ஏறிடுவான்" என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இதை நாங்கள் ஏற்பதில்லை. தூத்துக்குடி உப்பளத்துக்கு வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்பே போய் உப்பு வாரும் அக்காவின் உடல் உழைப்பில் தேய்கிறது, பயிற்சி பெறவில்லை. பயிற்சி என்றால் உழைப்பு, அதற்கேற்ற சோறு, அதற்கேற்ற ஓய்வு மூன்றும் சேர்ந்தது. நெடுந்தூரப் போட்டியாளர்கள் ஒரு மணி நேரத்துக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போகுமாறு பார்த்துக்கொள்கிறார்கள். கணக்குப் பார்த்தால் மணிக்கு மூன்று வாழைப்பழம். சீமைச் சரக்கு எதுவும் தேவையில்லை. நம் தோட்டத்து வாழையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கருப்பட்டியும், தண்ணீரில் ஒரு சிட்டிகை நம் உப்பும் போதும். ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையிடம் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி ஓடவிடக் கூடாது.

சோறு கிடைத்தாலும் அடுத்த கேள்வி தெரு.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பிரிவு 3(1)(இசட்ஏ). பொது இடத்தில் தலித், பழங்குடி மக்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறுவதை, ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. நாடாளுமன்றம் உட்கார்ந்து சைக்கிள் என்ற சொல்லைக் குற்றவியல் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மனு எழுதும்போது உதவும்.

வண்டியில் ஏறும் உரிமைக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1929இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் அரசுக் குழுவின் உறுப்பினராகச் சுற்றியபோது சாலிஸ்கானில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு நடத்திக் கூட்டிப் போவது மரியாதையில்லை என்று நினைத்துக் குதிரைவண்டி தேடினார்கள். தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டமாட்டோம் என்று வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். ஓட்டத் தெரியாத நம்மாள் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் குதிரை மிரண்டு, அம்பேத்கர் கற்பாதையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி வந்தவருக்கு இது நடந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பதோடு, சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் வரக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. நம் தென்மாவட்டங்களில் சைக்கிளுக்கும் சாதி வண்ணம் அடித்தாயிற்று என்று அதற்குப் பொருள். 2025 மார்ச்சில், நம் மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவன் வழிமறித்து வெட்டப்பட்டான். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் வென்றதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். விளையாட்டில் நம் பிள்ளை ஜெயித்தால் கைதட்டும் ஊர் வேண்டும் என்று கேட்கிறோம், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவுக்கு மறுபடி போவோம். அங்கேயும் சைக்கிள் பந்தயம் வெள்ளையர் விளையாட்டாகத்தான் இருந்தது. நிறஒதுக்கல் ஆட்சி 1994இல் முடிந்தாலும் கருப்பின மக்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில்தான் இன்னும் பெரும்பாலும் வாழ்கிறார்கள். நமக்குப் பழக்கமான படம். கேப் எபிக்கில் இருவர் அணிக்கான நுழைவுக் கட்டணமே நம் பணத்துக்குச் சில லட்சம் ஆகும். சைக்கிள் விலை தனி.

ஸ்டெல்லன்போஷ் நகரை ஒட்டிய கயமண்டி அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பு. அந்த மண்ணைச் சேர்ந்த சோங்கோ ஃபிபாசா என்ற இளைஞரும், கேப் எபிக்கை ஐந்து முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் கிறிஸ்டோஃப் சௌசரும் சேர்ந்து 2008இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு முதலில் வீட்டுப்பாடம், பிறகு சைக்கிள். குடியிருப்பிலேயே ஓட்டுதளம் கட்டினார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் கேப் எபிக்கில் ஓட்டினார்கள். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் இளைஞர்களுக்கென்று அந்தப் பந்தயத்தில் தனிப்பிரிவும் தனி மேற்சட்டையும் வந்தன; எக்ஸாரோ என்ற சுரங்க நிறுவனம் அதற்குப் பணம் தருகிறது. நிறுவனத்தின் தர்மத்தை நம்பி ஒரு சமூகம் எவ்வளவு நாள் ஓட்ட முடியும் என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. ஆனால் வீட்டுப்பாடமும் சைக்கிளும் ஒரே கூரையின் கீழ் என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய யோசனை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1991 தொடங்கிப் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அவர்களில் உண்டு. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. இன்று பதினோராம் வகுப்புக்கு வந்தால் வீட்டுக்கு ஒரு சைக்கிள் வருகிறது. ஆனால் அதற்குக் கியர் கிடையாது. பந்தயச் சைக்கிளைவிட ஏறக்குறைய இருமடங்கு கனம். ஏற்றத்தில் கியர் செய்யும் வேலை எளிமையானது: ஒரு மிதிக்குக் குறைந்த தூரம் போவாய், ஆனால் முழங்காலை உடைத்துக்கொள்ள மாட்டாய். அது இல்லாமல் மலைப் பந்தயத்துக்குப் பழகுவது கையால் கிணறு வெட்டுவது மாதிரி.

எங்கள் கோரிக்கை பெரியதல்ல. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் கியர் வைத்த ஐந்து சைக்கிள், ஐந்து தலைக்கவசம், ஒரு பழுதுபார்க்கும் பெட்டி. ஒரு சைக்கிள் 20,000 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்துக்கு ஒரு லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதி அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக 2024இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்திருக்கிறது. விடுதிக் கழிப்பறைக்கே இன்னும் தாழ்ப்பாள் இல்லை, சைக்கிளா கேட்கிறீர்கள் என்று நம் தோழர்களே கேட்பார்கள். தாழ்ப்பாளையும் கேட்போம், சைக்கிளையும் கேட்போம். ஒன்று கிடைத்தபிறகு மற்றது என்று வரிசையில் நின்றால் பிள்ளைக்கு வயது முப்பதாகிவிடும். போட்டிக்குப் போகும் செலவுக்கும் கருவிக்கும் உதவ 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. திறமை காட்டிய மாணவர்கள் அங்கே விண்ணப்பிக்கலாம்.

திறமையை முதலில் எங்கே காட்டுவது? மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் பேரறிஞர் அண்ணா சைக்கிள் போட்டியில். அதில் சாதாரண சைக்கிள்தான் அனுமதி, கியர் வைத்தது கூடாது. பள்ளியில் கொடுத்த சைக்கிளே போதும். 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவியருக்கு 10. 15 வயது, 17 வயதுப் பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவியருக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய் கொடுத்து வருகிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், கூடவே போய் நின்று பாருங்கள்.

அதுவரை தேரியில் பழகலாம். இருவராகப் போங்கள், கேப் எபிக் விதிப்படி. மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். டயர் பரந்து பதியும், புதையாது. உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, மிதியை நிறுத்தாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். மணலுக்குள் ஹேண்டில்பாரை வெடுக்கென்று ஒடிப்பதும் முன் பிரேக்கைப் பிடிப்பதும் ஆளைக் கவிழ்த்துவிடும். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தேரி மணல் செயினுக்குள் புகுந்து பல்சக்கரத்தைத் தின்றுவிடும், வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் விடவும்.

போட்டி அறிவிப்பு வந்ததும் உடற்கல்வி ஆசிரியரைப் பாருங்கள். வயதுச் சான்று, ஆதார் நகல், பரிசுப் பணம் வர வங்கிப் புத்தக நகல் மூன்றையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். புதுக் கட்டை பிடிக்கப் பழக நாலைந்து நாள் ஆகும்.