மணல் அடைகாக்கும் முட்டைகள்

பறவை தீண்டியும், மீன் நோக்கியும், ஆமை நினைந்தும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் என்பது நம் நாட்டில் வழிவழியாக வழங்கிவரும் உவமை. ஆசிரியர் மாணாக்கனுக்கு அருள்புரியும் முறைகளை விளக்கவந்த பெரியோர் இதனைக் கையாண்டனர். கடலாமை கரையில் ஏறி, மணலிற் குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றது. பின்னர் அது அவ்விடத்தை எட்டியும் பார்ப்பதில்லை. ஆயினும் உரிய நாளில் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. அடைகாக்கும் தாயைக் காணாமையால், தாயின் நினைவே முட்டைகளைப் பொரிக்கின்றது என முன்னோர் கருதினர் போலும். உண்மையில் அவ்வேலையைச் செய்வது எது?

கோழியை நாம் அறிவோம். அது 21 நாள் முட்டைகளின்மேல் அமர்ந்து தன் உடற்சூட்டை அவற்றிற்கு அளிக்கின்றது. கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதவாறு நாள்தோறும் பலமுறை அவற்றைப் புரட்டியும் விடுகின்றது. ஊர்வனவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு அத்தகைய உடற்சூடு இல்லை. ஆதலின் அவை மண்ணையே செவிலித்தாயாகக் கொள்கின்றன. மரக்கிளையில் வாழும் பச்சோந்தியும் முட்டையிடுங்காலத்துத் தரைக்கு இறங்கிக் குழி பறித்து, முட்டைகளை இட்டு மூடிவிட்டு, மீண்டும் மரமேறிவிடுகின்றது. முதலையோ குழியருகே காவல் இருக்கும். ஆனால் அதுவும் அடைகாப்பதில்லை. கதிரவன் வெப்பமும், மண்ணின் ஈரமும், மணலின் இடையே நுழையும் காற்றும் சேர்ந்தே கருவை வளர்க்கின்றன.

இவ்வியற்கையைக் கண்டறிந்து, அதனால் ஓர் உயிரினத்தைக் காக்கும் பணி செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில் நிகழ்ந்தது. மாமல்லபுரத்திற்கு வடக்கே, நெம்மேலியை அடுத்த வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர், சாய் விட்டேக்கர் முதலியோரால் 1976-ஆம் ஆண்டில் ஒரு முதலைப் பண்ணை நிறுவப்பட்டது. தோலுக்காகக் கொல்லப்பட்டும், முட்டைகள் கவரப்பட்டும் இந்திய முதலைகள் அருகிப்போயிருந்த காலம் அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆனால் தடுத்தல் மட்டும் இனத்தைப் பெருக்கிவிடாது. முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிக்கச் செய்தலும் வேண்டியதாயிற்று.

நன்னீர் முதலை ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் வரை இடும். அவற்றை எடுப்போர் முதலில் ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஓர் அடையாளம் இடுவர். முட்டையிட்ட ஒரு நாளளவில் கரு ஓட்டின் உட்புறத்தில் மேற்பகுதியோடு ஒட்டிக்கொள்கின்றது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துபடும். கோழி முட்டைக்கு உயிர் தரும் செயலே முதலை முட்டைக்கு உயிர் பறிக்கும் செயலாதல் காண்க. எனவே அடையாளம் மேலே இருக்குமாறே எடுத்து, அவ்வாறே ஈரப்பதமான பொருளிடையே வைத்து, அடைகாப்புப் பெட்டியில் ஒரே அளவான வெப்பத்தில் பேணுவர். ஈரம் குறைந்தால் முட்டை வற்றும். மிகுந்தால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கருவுக்குக் காற்றுக் கிட்டாது.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. மனிதரில் குழந்தை ஆணா, பெண்ணா என்பது கருவுறும்போதே உறுதியாகிவிடுகின்றது. முதலைக்கு அவ்வாறன்று, முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பமே அதனை முடிவு செய்கின்றது. வடநெம்மேலிப் பண்ணையின் முட்டைகளைக் கொண்டு ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் ஆகியோர் நிகழ்த்திய ஆராய்ச்சி 1989-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 28 முதல் 31 பாகை செல்சியசு வரையில் வைக்கப்பட்ட முட்டைகளினின்று பெண் குஞ்சுகளே வந்தன. 32.5 பாகையில் ஆண் குஞ்சுகளே வந்தன. 33 பாகையில் மீண்டும் இருபாலும் கலந்து பிறந்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு குழியின் குஞ்சுகள் அனைத்தையும் ஒருபாலாக்கிவிடும் என்றால், அடைகாப்போர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! நூறு குஞ்சுகள் நலமாகப் பிறந்தும், அவை யாவும் ஒரே பாலாயின், அவற்றைக் கொண்டு வழிமுறை தழைப்பது எங்ஙனம்?

இக்கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் அங்கே வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் பிறக்கும். நாய், நரி முதலியவற்றினின்று காத்தற்பொருட்டு ஆமை முட்டைகளை இரவிலேயே எடுத்துச் சென்று, வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்துக் காக்கும் தொண்டினைச் சென்னை மாணவர் குழு ஒன்று 1988-ஆம் ஆண்டு தொடங்கியது. அத்தகைய இடங்களில் மணல் மிகச் சூடேறாமல் நிழல் அமைத்தலும் ஒரு கடமையாகும். உலகின் வெப்பம் உயர்ந்துவரும் இந்நாளில் இக்கடமை மேலும் பெரிதாகின்றது.

சிறுவர் சிலர் பச்சோந்தியைப் பிடித்துவந்து வளர்க்க விரும்புவர். சட்டம் அதனைக் காக்கின்றது. ஆதலின் அதனைப் பிடித்தல் குற்றம். தோட்டத்தில் மண்ணைக் கொத்தும்போது அதன் முட்டைகள் தென்பட்டால், அவற்றைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தல் தகாது. கிடந்தவாறே மண்ணிட்டு மூடி, மிதியாதவாறு ஒரு குச்சியை அருகே நட்டு வைத்தல் போதும். எஞ்சியதை மண் பார்த்துக்கொள்ளும்.

உதவி என்பது எப்போதும் ஏதேனும் ஒன்றைச் செய்தலன்று. எவ்வுயிர்க்கு எது தேவை என்று முதலில் அறிதலும், அறிந்தபின் அளவோடு நிற்றலுமே உண்மையான உதவியாகும்.