உச்சிக்கு 500 அடி... ஒரு யு-டர்ன்!

'பனி'னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மார்கழி காலையில மஃப்ளர் கட்டிக்கிட்டு டீக்கடையில நிக்கிற தாத்தாதானே? எங்க ஆத்தூர்லயும் அதேதான். காமராஜர் அணைக்குப் பின்னாடி இருக்கிற மலையில மேகம் இறங்கினாலே எங்களுக்குப் பனிக்காலம்! ஊட்டியிலகூட புல்லு மேல படியறது உறைபனிதான். கால் புதையற பனியைப் பார்க்கணும்னா இமயமலைக்குத்தான் ரயில் ஏறணும்.

2023 மே மாசம், விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறின செய்தியைப் படிச்சதுலேர்ந்து எங்க கேங் அஞ்சு பேருக்கும் ஒரே அரிப்பு. எடுத்த எடுப்புல எவரெஸ்ட் நடக்குமா? உத்தரகாண்ட்ல இருக்கிற கேதார்காந்தாவை செலக்ட் பண்ணோம். உயரம் 12,500 அடி. ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமைதோறும் திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிக்கட்டுல ப்ராக்டீஸ்!

டேராடூன்லேர்ந்து ஒரு பகல் முழுக்க வண்டியில போனா சாங்க்ரி கிராமம். அங்கேர்ந்து நடை. முதல் நாள் ஜூடா கா தாலாப். ஏரியே ஐஸா உறைஞ்சு கிடக்கு! ரெண்டாம் நாள் 11,000 அடி தாண்டி டென்ட். மூணாம் நாள் விடிகாலை மூணு மணிக்கு, நெத்தியில டார்ச் கட்டிக்கிட்டு கிளம்பினோம்.

எப்பவும் மொக்கை ஜோக் அடிக்கிற எங்க மெக்கானிக்கல் நண்பன் ரெண்டு மணி நேரமா வாயே திறக்கலை. பிடிச்சு உலுக்கினதும், "நேத்து ராத்திரிலேர்ந்து தலை பிளக்குது மச்சி. வாந்தியும் எடுத்துட்டேன். உங்க ட்ரிப் கெட்டுடுமேனு சொல்லலை"ன்னான். கைடு அவன் முகத்துல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னார்... "நீச்சே!" கீழே!

"இன்னும் 500 அடிதானே, மெதுவா கூட்டிட்டுப் போயிடலாம்"னு கேட்டது வேற யாருமில்லை, நான்தான்!

மேட்டர் என்னன்னா, மேல போகப்போக காத்தோட அழுத்தம் குறையும். 12,500 அடியில ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், நம்ம ஊர்ல கிடைக்கிறதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான். உடம்பு இதுக்குப் பழக டைம் கேட்கும். 10,000 அடி தாண்டினா, தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு சுமார் 1,600 அடிக்கு மேல கூட்டக் கூடாதுங்கறது டாக்டர்கள் சொல்ற கணக்கு. நாங்க ஏத்தினது 2,000 அடிக்கும் மேல! 'லீவு இல்லை'னு பயணத்துல ஒரு நாளை வெட்டினதும் நாங்களேதான்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம்... இதை மறைச்சுட்டு மேல ஏறினா நுரையீரல்ல நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். உயிருக்கே உலை. ஜிம் பாடிக்கும் இது வரும். முதல் மருந்து, கீழே இறங்கறதுதான்.

இருந்தது ஒரே கைடு. அதனால அஞ்சு பேரும் திரும்பினோம். ஸ்வர்காரோகிணி சிகரத்துல வெயில் பட்டு தகதகனு மின்னுது. யாரும் கேமராவை எடுக்கலை. மதியம் இன்னும் கீழே இறங்கினதும் அவனே, "டீ கிடைக்குமா?"ன்னான். அப்பதான் எங்களுக்கு மூச்சே வந்தது!

நீங்க கிளம்புறீங்களா? ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது. ப்ளான்ல ஒரு நாள் எக்ஸ்ட்ரா வைங்க. முக்கியமா, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும், "தலை வலிக்குதா?"ன்னு கேளுங்க. 'ஆமா'னு சொல்றவனைக் கலாய்க்காதீங்க.

அடுத்த டிசம்பருக்கு மறுபடி ப்ளான் ரெடி. மலைக்கோட்டைப் படியில இப்ப முதல் ஆளா ஏறுறது நம்ம மெக்கானிக்கல்தான். ஏறி முடிச்சதும் மேலேர்ந்து கத்துறான்... "மச்சி, தலைவலி இல்லை!"