உங்களுக்குத் தெரியுமா? மஸ்ஜித் இந்தியாவின் வெள்ளிக் கணக்கு

◆ காசு மாற்றும் கடையின் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு இருக்கும். இரண்டுமே கடைக்காரர் பக்கத்துக் கணக்கு. ரூபாய் வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியது விற்கும் விலையை. டாலர் ஒன்றுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருப்பார்கள். ரூபாய் நூறுக்கு இத்தனை. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் கடையின் வருமானம். முதல் கடையிலேயே மாற்றிவிடாமல் நாலு பலகையைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

◆ 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியைத் தொட்டது. 1998 ஜனவரிக்குப் பிறகு நம் வெள்ளி அவ்வளவு இறங்கியதில்லை. அந்தப் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்குச் சுமார் 17 ரூபாய். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் டாலர் 4.12 அளவுக்கு வந்தது; வெள்ளிக்கு 20 ரூபாய் கிடைத்தது. அமெரிக்க மத்திய வங்கி 2023 ஜூலையில் வட்டியை 5.25–5.50 விழுக்காட்டுக்கு ஏற்றியிருந்தது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 3.00 விழுக்காட்டிலேயே நின்றது. வட்டி கூடுதலாகக் கிடைக்கும் பக்கம் பணம் சாய்ந்தது; அமெரிக்கா வட்டியைக் குறைக்கப் போகிறது என்றதும் திரும்பியது. ஜவுளிக் கடையில் நின்று உழைத்து மாதம் 1,000 வெள்ளி ஊருக்கு அனுப்பும் தம்பிக்கு, இதில் 3,000 ரூபாய் வித்தியாசம்.

வெள்ளி ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், ஆகஸ்ட் 23 அன்று, கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நிலம் உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் காணாமல் போனார். தெரு வெறிச்சோடியது. நாட்டின் நாணயம் நிமிர்ந்த மாதத்தில் அந்தத் தெருவின் கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குக் காத்துக்கிடந்தார்கள்.

◆ உலகச் சந்தையில் தங்கம் அசையாமல் இருந்தாலும் நகைக்கடையில் விலை ஏறும். உலக விலை டாலரில், அதுவும் 31.1 கிராம் கொண்ட அவுன்சுக்குச் சொல்லப்படுகிறது. அவுன்ஸ் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 3.80 வெள்ளியானால் சுத்தத் தங்கம் கிராம் 244 வெள்ளி, 4.80 ஆனால் 309. கல்யாணத்துக்கு 916 நகை எடுக்கும் வீட்டில் டாலர் விலையையும் பார்த்துவைப்பது நல்லது.

◆ மலேசியாவின் சொந்த நோட்டு 1967 ஜூன் 12-ல் வந்தது. அதற்கு முன் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக், புருணை எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு. பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று சமமாக ஐந்து மாதம் ஓடின. நவம்பர் 18-ல் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் கூடவே இறங்கியது, புதியது இறங்கவில்லை. பழைய 100 வெள்ளி, புதிய கணக்கில் 85 வெள்ளியாகிவிட்டது. வங்கிப் பக்கம் போகாமல் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த தோட்டத் தொழிலாளிக்கும் சில்லறை வியாபாரிக்கும் இது எப்படி வலித்திருக்கும்! பினாங்கில் நவம்பர் 24 அன்று நடந்த ஹர்த்தால் கலவரமாக மாறி உயிர்கள் போயின. ஏழைகள் பழைய நோட்டை மாற்றி முடிக்கும்வரை அரசு அந்த இழப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

◆ 500 வெள்ளி, 1,000 வெள்ளி நோட்டுகளை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆசிய நிதி நெருக்கடியில் 1998 செப்டம்பர் 2-ல் டாலர் 3.80 வெள்ளி என்று பூட்டப்பட்டது. வெளிநாட்டில் கிடந்த வெள்ளி ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். பயணிகள் 1,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது விதித்தார்கள். பெரிய நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. பூட்டு திறந்தது 2005 ஜூலை 21-ல், சீனா தன் யுவானைத் தளர்த்திய அதே நாளில்.

◆ 2016 நவம்பர் 8 இரவு இந்தியா 500, 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றது. அடுத்த பயணத்துக்கென்று அலமாரியில் ரூபாய் வைத்திருந்த மலேசியத் தமிழர் வீடுகள் திகைத்தன. வெளிநாட்டில் வசித்துவந்த இந்தியக் குடிமக்களுக்கு, சென்னை உட்பட ஐந்து ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மாற்றிக்கொள்ள 2017 ஜூன் 30 வரை அவகாசம் இருந்தது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி மலேசியக் குடிமகன் என்றால், ஒரே பெட்டியில் இருந்த நோட்டு அண்ணனுக்குப் பணம், தம்பிக்கு வெறுங்காகிதம்.

◆ மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய லெபு அம்பாங், செட்டியார்கள் வட்டித்தொழில் செய்த தெரு. நகரத்தார் குடும்பத்து மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937-ல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மலாயாவிலும் கிளை விரித்தது. 1969-ல் இந்தியா வங்கிகளை அரசுடைமையாக்கியது. அந்நிய அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கக் கூடாது என்பது அன்றைய மலேசியச் சட்டம். ஆகவே 1973-ல் அதன் கிளைகள் இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கிக் கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. அது பின்னர் பேங்க் ஆஃப் காமர்ஸில் கலந்தது. இன்று அது சிஐஎம்பி.

◆ சேலை இறக்குமதிக்கு இனி டாலர்தான் வேண்டும் என்றில்லை. மலேசிய வணிகத்துக்கு ரூபாயிலும் பணம் கட்டலாம் என்று 2023 ஏப்ரல் 1-ல் இந்திய வெளியுறவு அமைச்சு அறிவித்தது. கோலாலம்பூரிலுள்ள இந்தியா இன்டர்நேஷனல் வங்கி, யூனியன் வங்கியில் இதற்கென ரூபாய்க் கணக்குத் திறந்தது.

◆ 2025 ஜூலை 9-ல் பேங்க் நெகாரா ஓபிஆர் எனப்படும் அடிப்படை வட்டியை 3.00-லிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது. 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கடனில் இது ஆண்டுக்குச் சுமார் 750 வெள்ளி வட்டி மிச்சம். மாறும் வட்டிக் கடனுக்குத்தான் இது பொருந்தும்.

◆ 1 காசு நாணயம் புழக்கத்திலிருந்து விலகத் தொடங்கியது 2008 ஏப்ரல் 1-ல். ரொக்கமாகக் கட்டினால் 1, 2 என்று முடியும் தொகை கீழே இறங்கும். 3, 4 மேலே ஏறி 5 ஆகும். 6, 7 இறங்கி 5 ஆகும். 8, 9 ஏறி 10 ஆகும். இதை மொத்த பில்லுக்குத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஏற்றியிருந்தால் கேளுங்கள்.