நெடுந்தீவு மாணவர்களுக்கு ஒரு மீன்காட்சியகப் பயணம்: வர்த்தகருக்கு இதில் என்ன இலாபம்?

நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி நிற்பவை பவளக்கல் மதில்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கப்பட்டவை. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் நாள்தோறும் அவற்றைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். அந்தக் கல் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு. ஆனால் அதே பவளம் கடலுக்கடியில் உயிரோடும் நிறத்தோடும் இருப்பதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு, சுழியோடிகளின் பிள்ளைகளுக்கே அரிது. கடலின் நடுவே பிறந்து வளர்ந்தும் கடலின் மேற்பரப்பை மட்டுமே கண்டவர்கள் இவர்கள்.

உயர்தர வகுப்பில் படிக்கும் இம்மாணவர்களை ஒரு மீன்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது பற்றி வர்த்தகப் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். மன்னார், கற்பிட்டி, பேருவளை என எமது சமூகத்தவர் பலர் சங்கு, கடலட்டை, கருவாடு, நண்டு போன்ற கடற்பொருள் வியாபாரத்தில் நிற்கிறார்கள். அந்தப் பொருளை நாளை பிடிக்கப்போகிறவர்களும், வளர்க்கப்போகிறவர்களும், தரம் பிரிக்கப்போகிறவர்களும் இந்த மாணவர்கள்தாம்.

கணக்குத் தெரிந்த கம்பனி, கடலைத் தெரியாத கம்பனி

ஒரு பழைய கதை. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு 1903 முதல் சில ஆண்டுகள் அமோகமாக நடந்தது. வருமானத்தைக் கண்ட முதலீட்டாளர்கள் கம்பனி அமைத்து, 1906 இல் முத்துப் பார்களை அரசிடமிருந்து 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். மூலதனம் இருந்தது, கப்பல் இருந்தது, கணக்குப்பிள்ளைகளும் இருந்தார்கள். 1907 க்குப் பிறகு அவர்களுக்கு நல்ல குளிப்பு ஒன்றேனும் வாய்க்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைக்கப்பட்டது. சிப்பி எப்போது குஞ்சிடும், குஞ்சு எங்கே போய் ஒட்டும், எதனால் அழியும் என்பவை கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத விடயங்கள்.

அதே காலத்தில், 1909 இல், சென்னை மெரினாக் கடற்கரையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கார் தர்ஸ்டன் அதற்கு முன்னின்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டாலும், கடலுயிரை உயிரோடு காட்டினால்தான் மக்களுக்கு விளங்கும் என்ற எண்ணம் இப்பகுதியில் நூறாண்டுக்கு முன்பே வேரூன்றிவிட்டது.

இன்றைய வியாபாரத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். இலங்கையில் 70 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது என்பது சட்டம். முட்டை தாங்கிய சிங்கி இறாலைப் பிடிப்பதும் குற்றம். பொலிசாருக்குப் பயந்து இவற்றைப் பின்பற்றுபவர் ஒருவகை. சங்கு கடலடியில் இடும் முட்டைக்கூட்டை, மீனவர் ‘சங்குப்பூ’ என்று சொல்வதைப் பார்த்து, அதற்குள்ளிருந்தே சிறு சங்குகள் வெளிவருகின்றன என்று விளங்கிக்கொண்டவர் இன்னொருவகை. இரண்டாமவர் சிறு சங்கை எடுக்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். அடுத்த ஆண்டும் அவரது கடை திறந்திருக்கும்.

கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால்

சிறு பிள்ளைகளுக்கு மீன்காட்சியகம் ஒரு வேடிக்கை. அதில் தவறில்லை. உயர்தர மாணவர்கள் பார்க்க வேண்டியது தொட்டியின் பின்பக்கத்தை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனையே கொல்லும் நஞ்சு. அதை ஒருவகைப் பக்ரீறியா நைத்திரைற்றாகவும், இன்னொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பக்ரீறியாக்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு முதல் நாளே மீனை விட்டவர் அனைத்தையும் இழப்பார். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மாரி மழையில் அது குறையும், கோடையில் கூடும். மின்சாரம் நின்றால் எத்தனை நிமிடத்தில் ஒட்சிசன் குறையும் என்பதும் அங்கே கேட்டறிய வேண்டியது.

நைத்திரசன் வட்டத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த மாணவனுக்கு இது பரீட்சைக்கு உதவும். அதைவிட, கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம், இறால் பண்ணை, அலங்கார மீன் வளர்ப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே அத்திவாரம்.

கடலட்டையையே எடுத்துக்கொள்வோம். அவித்து உலர்த்தினால் அதன் நிறை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பிஞ்சை எடுத்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இனம் தெரியாதவருக்கோ வேறு ஆபத்து உண்டு. மூன்று கடலட்டை இனங்கள் 2020 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்துள்ளன. அனுமதிப்பத்திரம் இன்றி அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. கடற்குதிரைக்கு 2004 முதலே இந்த நிலை. இந்தியாவில் கடலட்டை பிடிப்பது 2001 இல் முற்றாகவே தடைசெய்யப்பட்டது. அங்கே அதை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை இராமநாதபுரக் கரையில் உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள். வளம் குறைந்தால் சட்டம் இறுகும், சட்டம் இறுகினால் கடை மூடும்.

தூரம் பெரிய தடை

பாக்குக் கடலின் மறுகரையில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய மையம் இருக்கிறது. மீன்காட்சியகமும் உண்டு. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையையும் அந்த நிலையம் உருவாக்கியுள்ளது. நெடுந்தீவிலிருந்து பார்த்தால் அது பக்கத்து ஊர் மாதிரி. ஆனால் நடுவே நாட்டின் எல்லை ஓடுகிறது.

ஆகவே எமது மாணவர்களுக்குக் கைக்கெட்டுவது தெஹிவளை. 1936 இல் அரசு பொறுப்பேற்ற மிருகக்காட்சிசாலைக்குள் மீன்காட்சியகமும் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பிறகு கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கொழும்பு மாணவர்கள் அரை நாளில் முடிக்கும் பயணம் தீவு மாணவர்களுக்கு மூன்று நாள். தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்தால் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அது பாரம். வறுமையால் பெயர் கொடுக்காமல் ஒதுங்குபவர்களே பெரும்பாலும் கடலை நம்பிய வீட்டுப் பிள்ளைகள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு பஸ்ஸை நிரப்புதல். நெடுந்தீவு மாணவர்களோடு யாழ் ஒஸ்மானியா, கதீஜா போன்ற எமது பாடசாலைகளின் உயர்தர மாணவர்களையும் சேர்த்தால் வாகனச் செலவு பாதியாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது கடைகளோடு பழக்கங்களும் அறுந்தன. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்த காலம் அது. ஒரே பஸ்ஸில் மூன்று நாள் பயணிக்கும் பிள்ளைகள் அதை மீண்டும் தொடங்கி வைப்பார்கள்.

இரண்டாவது, நாளைத் தெரிதல். வாடையும் சோளகமும் உரக்க வீசும் மாதங்களில் படகு நிச்சயமில்லை. மாசி முதல் சித்திரை வரை கடல் ஓரளவு அமைதி. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியையும் மிருகக்காட்சிசாலையின் முன்னனுமதியையும் எழுத்தில் பெற்று, தொட்டிகளின் வடிகட்டி அறையைக் காட்ட இயலுமா என்றும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, வேலை கொடுத்தல். ஒவ்வொருவரும் ஓர் உயிரினத்தைப் பொறுப்பெடுத்து, அதன் உணவு, வளரும் காலம், சட்டம், சந்தை ஆகிய நான்கையும் எழுதி வரட்டும். திரும்பிய பின் மீனவர் சங்கத்தின் முன் வாசிக்கட்டும். நாற்பது மாணவர் போனால் நாற்பது உயிரினங்களின் விபரம் தீவுக்கு வந்து சேரும். அனுபவமுள்ள மீனவர்கள் அதில் பிழை பிடிப்பார்கள். அதுவும் படிப்புத்தான்.

நான்காவது, கணக்கு. பணத்தை ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. படகு, பஸ், தங்குமிடம், நுழைவுச்சீட்டு எனப் பிரித்து, பயண முடிவில் பற்றுச்சீட்டுகளோடு கணக்கைப் பாடசாலையில் ஒட்டிவிட வேண்டும். அடுத்த ஆண்டு உதவி கேட்க அதுவே சிபார்சுக் கடிதம்.

கடலிலிருந்து கிடைக்கும் உணவையும் அணிகலனையும் அல்குர்ஆன் இறைவனின் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அருட்கொடையை வீணடிக்காமல் உண்பதற்கு அதை அறிந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் ஐந்தாறு வர்த்தகர்கள் ஒரு மாலை கூடிப் பேசினால் ஒரு பஸ் புறப்பட்டுவிடும். பவளக்கல் மதிலோரம் நடந்து வளர்ந்த ஒரு பிள்ளை, உயிருள்ள பவளம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்பட்டும். பத்து ஆண்டுகளின் பின் எமது கடைக்குச் சரக்கு அனுப்புபவர் அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.