உங்கள் கோப்புறை உங்களையே தடுத்தால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதையொட்டிப் புதுக் கணினி வாங்கியவர்கள் பலர். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் இணைத்ததும் அவர்களில் சிலருக்கு ஒரு சிக்கல் வருகிறது. கல்யாணப் போட்டோக்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இருக்கும் கோப்புறையைச் சொடுக்கினால், 'இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்கிறது திரை. டிஸ்க் பழுதாகிவிட்டதோ, வைரஸோ என்று பதறத் தேவையில்லை. பெரும்பாலும் எல்லாக் கோப்புகளும் பத்திரமாகவே இருக்கும். நீங்கள் யார் என்பதுதான் புதுக் கணினிக்குத் தெரியவில்லை.

விண்டோஸ் நம்மைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. கணக்கு தொடங்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கொடுத்துவிடுகிறது. வீட்டுக் கணினியில் அது 'எஸ்-1-5-21' என்று தொடங்கும். நடுவில் வரும் மூன்று பெரிய எண்கள் அந்தக் கணினிக்கே உரியவை. கடைசியில் வருவது அந்தக் கணக்கின் வரிசை எண், பெரும்பாலும் 1001. புதுக் கணினியிலும் அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்கு தொடங்கினாலும் நடுவில் உள்ள எண்கள் வேறாகிவிடும். பழைய கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியாத கணக்கு' என்ற குறிப்போடு பழைய எண் மட்டும் நிற்கும்.

அந்தப் பட்டியல் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்று குறித்து வைக்கிறது. விண்டோஸ் 95, 98 பயன்படுத்திய ஃபேட் முறைமையில் இந்தக் குறிப்பே கிடையாது. 2001-இல் வெளிவந்த எக்ஸ்பி மூலமாகத்தான் என்டிஎஃப்எஸ் வீடுகளில் பரவலானது. பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் இருப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை வருவதில்லை.

கோப்புறையின் உரிமையாளர் வேறு, அனுமதி பெற்றவர் வேறு. வீட்டின் பட்டா ஒருவர் பெயரிலும் சாவி இன்னொருவர் கையிலும் இருப்பதைப் போன்றது இது. பட்டியலில் இடமில்லாவிட்டாலும், உரிமையாளருக்குப் பட்டியலைத் திருத்தி எழுதும் அதிகாரம் எப்போதும் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வைத்திருப்பவர் அந்த உரிமையையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். சிக்கலைத் தீர்க்கும் வழி இதுதான்.

நான் அட்மினிஸ்ட்ரேட்டர்தானே, என்னை ஏன் தடுக்கிறது என்று கேட்கத் தோன்றும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, அட்மினிஸ்ட்ரேட்டரின் அன்றாட வேலைகளையும் விண்டோஸ் சாதாரணப் பயனரின் அதிகாரத்தில்தான் நடத்துகிறது. முழு அதிகாரம் தேவைப்படும்போது உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே அறிவிப்பில் 'கன்டினியூ' பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். விண்டோஸே உங்கள் கணக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் சற்று நேரமாகும். நடுவில் நிறுத்த வேண்டாம்.

அதிலும் திறக்காவிட்டால், கோப்புறையின் மேல் வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்ற வரிசையில் செல்லுங்கள். மேலே 'ஓனர்' என்ற வரியும் பக்கத்தில் 'சேஞ்ச்' என்ற இணைப்பும் இருக்கும். அதில் உங்கள் கணக்கின் பெயரைத் தட்டச்சு செய்து 'செக் நேம்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். கணினி உங்களைக் கண்டுகொண்டால் பெயருக்கு அடிக்கோடு விழும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்குப் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே கணக்கின் பெயராக இருக்கும். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் உரிமையாளரை மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து 'அப்ளை' கொடுங்கள். பிறகு எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து, 'ஆட்' வழியாக உங்கள் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' அனுமதி கொடுங்கள். பட்டியலில் 'டினை' என்று ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுவாக, அனுமதியும் தடையும் ஒன்றாக இருந்தால் தடைதான் வெல்லும்.

கோப்புறை திறந்ததும் அதில் உள்ளவற்றைப் புதுக் கணினியின் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளுக்கு நகலெடுத்துவிடுங்கள். நகல்கள் புது இடத்தின் அனுமதிகளையே எடுத்துக்கொள்ளும் என்பதால் சிக்கல் அத்தோடு தீரும்.

ஆனால் இந்த வேலையை உங்கள் சொந்தக் கோப்புறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சி டிரைவ் முழுவதற்கும், அல்லது அதிலுள்ள விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைகளுக்கும் ஒரேயடியாக உரிமை மாற்றும் குறுக்கு வழியைச் சிலர் கற்றுத் தருகிறார்கள். அங்கே பல கோப்புகளுக்கு 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற தனிக் கணக்கே உரிமையாளர். தீய நிரல்களும் நம் கைத்தவறுகளும் கணினியின் அடித்தளத்தைத் தொடாதபடி காப்பது அந்த ஏற்பாடுதான். அதைக் கலைத்தால் அப்டேட்டுகள் தடைபடலாம். பழைய அனுமதிகளை அப்படியே மீட்பதும் எளிதல்ல.

கடைசியாக, இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். உங்கள் பழைய டிஸ்க்கை நீங்கள் இப்படித் திறக்க முடிகிறதென்றால், அதைத் திருடிச் செல்பவராலும் தன் கணினியில் இதையே செய்ய முடியும். அனுமதிப் பட்டியல் ஒரே கணினியைப் பகிர்பவர்களுக்கு இடையிலான வேலி மட்டுமே. களவிலிருந்து காக்க பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே அது தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பூட்டு உரிமை மாற்றத்துக்கு அசையாது. அது தன் 48 இலக்க மீட்பு எண்ணைத்தான் கேட்கும். புதுக் கணினி வந்த முதல் வாரத்திலேயே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டு ஆவணங்களோடு வைத்துவிடுங்கள்.