கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறதா?

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. கிக்கரை மிதிக்கிறீர்கள், மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அப்பா விட்டுச் சென்ற பழைய ஹோண்டா கப் இருமுகிறதே தவிர, உயிர் பெறுவதாயில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "இதை வித்துத் தொலைங்கண்ணே!" என்கிறார்.

அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். 1958-இல் ஜப்பானில் பிறந்த வண்டிக் குடும்பம் இது. 2017-இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. நம் ஊர்க் 'கப்சாய்'களுக்கெல்லாம் மூத்த அண்ணன். வீட்டிலேயே பழுது பார்க்கலாம் என்னும்படி எளிமையாகக் கட்டப்பட்டது. பல வேளைகளில் கோளாறு இன்ஜினில் இராது; கார்புரேட்டரில்தான் இருக்கும்.

கார்புரேட்டரின் வேலை பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் வண்டி முரண்டு பிடிக்கும்.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பத்துத் தடவை மிதித்தும் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது, அல்லது பொறி வரவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.

மழைக்காலமா? கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் வடிகால் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது; அடியில் முத்து முத்தாக நிற்கும். அப்படி நின்றால் டாங்கியையும் கழுவியே ஆகவேண்டும்.

கழற்றும் வேலையைப் பகலில், வெளியே மரநிழலில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. பிள்ளைகளும் வேண்டாம்.

கிண்ணத்தைத் திறந்தால் மிதவை தெரியும். அதன் கீழ் சின்ன ஊசி ஒன்று பெட்ரோலைத் திறந்து மூடுகிறது. கார்புரேட்டர் ஓயாமல் சொட்டினால் இந்த ஊசியைச் சந்தேகப்படுங்கள். முனையில் வளையம்போலத் தேய்மானம் தெரிந்தால் புதிதாக மாற்றுவதே நல்லது. மிதவையைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் அது ஓட்டை.

அடுத்தது ஜெட்டுகள். இங்கேதான் நான் ஒருமுறை கெட்டிக்காரத்தனம் காட்டினேன். அடைத்திருந்த ஜெட்டை வீட்டுக்காரியின் தையல் ஊசியால் குத்தினேன். அடைப்பு போயிற்று, துவாரமும் பெருத்தது. அதன் பிறகு வண்டி பெட்ரோலைக் குடித்த குடியைச் சொல்லி மாளாது! அந்த மாதம் சம்பளத்தில் விழுந்த துண்டுக்கு வீட்டில் வாங்கிய வசவு இன்னும் காதில் ஒலிக்கிறது. ஜெட் பித்தளை, மிருதுவானது. கார்புரேட்டர் கழுவும் மருந்தில் ஊறவைத்து, காற்றடித்து ஊதுங்கள். அப்படியும் போகாவிட்டால் மின்கம்பியிலிருந்து மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவி நுழைக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துவாரம் வட்டமாகத் தெரியவேண்டும். சோக் இழுத்தால் மட்டும் ஓடி, விட்டதும் அணைகிற வண்டிகளில் பெரும்பாலும் சின்ன ஜெட்தான் அடைத்திருக்கும். ரப்பர் வளையங்களை அந்த மருந்தில் போடாதீர்கள், ஊதிப்போகும்.

காற்றுத் திருகைக் கழற்றுமுன், உள்ளே மெதுவாக முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கு. கணக்கு மறந்துவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். இன்ஜின் சூடான பிறகு, அது சீராக முனகும் இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

எல்லாம் பூட்டியும் ஆக்சிலேட்டரை விட்ட பிறகு இன்ஜின் அலறுகிறதா? கேபிள் சிக்கியிருக்கும், அல்லது கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசியும். அங்குள்ள ரப்பர் வளையம் கெட்டியாகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

வெளியூர்க் கல்யாணம், திருவிழா என்று மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட்டுப் போங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகிவிட்டால், திரும்பி வந்த மறுநாள் விடியலில் மீண்டும் அதே கிக்கர்தான்.