எருவைச் சுமந்து வரும் சிறகுகள்

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி தானாக உருவானதல்ல. மழைத்தண்ணீரைக் கரை போட்டு மறித்து, மதகு வைத்து, நெல்லுக்குப் பாய்ச்ச மனிதர்கள் கட்டியது. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பறவைகளுக்காக அதை யாரும் வெட்டவில்லை. ஆனாலும் பறவைகள் வந்தன.

அவற்றை இழுத்தவை ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாதவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் ஒவ்வொரு மரமும் ஒரு தீவாகிவிடும். பூனையாலும் நரியாலும் கூட்டை எட்ட முடியாது. நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன் என்று கிளைக்குக் கிளை குடும்பம் பெருகும்.

நத்தை குத்தி நாரையின் அலகைக் கூர்ந்து பார்த்தால், மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி தெரியும். சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும் நத்தையைப் பிடித்து, அலகு நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, சதையை உருவி எடுத்துவிடும். வயிறு நிறைந்ததும் குஞ்சுகளிடம் திரும்பும். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைய, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறி ஏரி பச்சையாகும். மதகைத் திறந்தால் எருவும் தண்ணீரும் சேர்ந்தே வயலுக்குப் பாயும். வயலில் மேய்ந்தது வயலுக்கே திரும்புகிறது.

இந்தக் கணக்கு ஊராருக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு 'கவுல்' என்னும் உறுதிப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்தான்!

வேடந்தாங்கல் தனித்த ஊர் அல்ல. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டுவாசல் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்த எச்சமும் வயலுக்குப் போகிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

இன்று பறவைகள் சரணாலயமாக உள்ள வேடந்தாங்கல், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. பெருமைதான். ஆனால் ஏரிக்கரையோடு காவல் முடிந்துவிட்டால் போதாது. பறவை தூங்குவது ஏரியில், சாப்பிடுவது வெளியே. அதனால்தான் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரமும் சரணாலய எல்லைக்குள் வருகிறது. அந்த 5-ஐ 3 ஆகக் குறைக்க 2020-ல் முன்மொழிவு வந்தபோது சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வயல் மனையாகி, குட்டை தூர்ந்தால், மரமும் தண்ணீரும் இருந்தும் குஞ்சுக்கு இரை இருக்காது.

விடியலில் கரைமேல் நிற்பவர்கள் இதைக் கண்ணால் காணலாம். கூட்டை விட்டு எழும் நாரைகள் ஏரித்தண்ணீரைப் பாராமல், கரையைத் தாண்டி, நெல்வயல்களை நோக்கிப் பறக்கின்றன.